'லோக்கல்'னா நம்ம ஆளுன்னு அர்த்தம் இல்லீங்க

கேள்வி: வணக்கங்க அண்ணா. திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். டிபார்ட்மெண்டில் நான் ஒருத்தன்தான். ஒரே சர்வர், சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். ஈஆர்பி, பில்லிங், டேட்டாபேஸ் எல்லாம் அதில்தான். 2020 கடைசியில் போட்டது. அதற்குப் பிறகு அப்டேட் செய்யவில்லை. அப்டைம், அதாவது ரீபூட் ஆகாமல் ஓடியது, இப்போது 611 நாள். ஒரு பையர் கேட்டதால் செக்யூரிட்டி ஸ்கேன் ஓட்டினேன். 'லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன்' (உள்ளிருந்து அதிகாரத்தை உயர்த்திக்கொள்வது) என்று மூன்று ஓட்டைகள், 'சிவிஇ' என்ற பதிவு எண்களோடு வந்திருக்கின்றன: சிவிஇ-2021-3156, சிவிஇ-2021-4034, சிவிஇ-2024-1086. மூன்றுக்குமே பத்துக்கு 7.8 மதிப்பெண். ஈஆர்பி போட்டுக் கொடுத்தவர், "லோக்கல்தானுங் தம்பி, சர்வர் முன்னாடி உட்கார்ந்தாத்தான் பண்ண முடியும். கிரிட்டிகல்கூட இல்லை, விடுங்க" என்கிறார். அப்டேட் செய்தால் ஈஆர்பி ஓடாமல் போனால் தன் பொறுப்பில்லை என்றும் சொல்கிறார். முதலாளி, "சீசன் முடியட்டும்" என்கிறார். வெளியாள் யாரும் எங்கள் சர்வருக்குள் வர முடியாது. பையர்களும் அவர்கள் ஏஜெண்டுகளும் இன்ஸ்பெக்‌ஷன் போட்டோ ஏற்றிப் பார்க்க மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு ரூட்டரில் ஒரு போர்ட் திறந்து வைத்திருக்கிறோம். இது உண்மையிலேயே அவசரமா? முதலாளியிடம் என்ன சொல்வது?

பதில்:

வணக்கம் தம்பி. "வெளியாள் யாரும் வர முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே போட்டோ ஏற்ற ஒரு போர்ட் திறந்திருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆமாம், அவசரம்தான். ஆனால் முதலாளி பயப்படுகிற மாதிரி சீசன் நடுவில் சர்வரை நாள் கணக்கில் நிறுத்த வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு ஓட்டைகளை ரீபூட் செய்யாமலேயே நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைத்துவிடலாம்.

முதலில் அந்த 'லோக்கல்' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் ஊரில் லோக்கல் என்றால் தெரிந்த ஆள், பக்கத்து ஆள், கூப்பிட்டால் வந்து நிற்கிற ஆள். ஈஆர்பி அண்ணாவும் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தொழிலில் அதன் பொருள் வேறு. அந்த மெஷினில் ஏதோ ஒரு யூசர் பெயரில், எவ்வளவு சின்ன அதிகாரமாக இருந்தாலும், ஒருவன் ஒரு கட்டளையை ஓட்ட முடிந்தால் அவன் லோக்கல். அவன் உடம்பு எந்த நாட்டில் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டியதை 'ஃபிசிக்கல்' என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லை.

அப்படியானால் உங்கள் மெஷினில் யாரெல்லாம் லோக்கல்? தூரத்திலிருந்து நுழைய எஸ்எஸ்எச் லாகின் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும். ஈஆர்பி கம்பெனிக்கு ஒரு பொது லாகின் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பாஸ்வேர்ட் வேலையை விட்டுப் போன எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவருக்கே தெரியாது. இவர்களைவிடவும் முக்கியமான ஒரு லோக்கல் உண்டு. அந்தப் போட்டோ பக்கம் 'அப்பாச்சி' என்ற யூசர் பெயரில் ஓடுகிறது. சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்த பிஎச்பி 5.4-ஐத்தான் அது பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். போட்டோ என்ற பெயரில் ஒருவன் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றுகிறான், அப்லோட் ஃபோல்டரிலேயே அது ஓடிவிடுகிறது என்று வையுங்கள். அந்த நொடியிலிருந்து அவன் உங்கள் சர்வரில் லோக்கல்.

அப்பாச்சி யூசராக அவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்வேர்ட் ரகசியங்கள் உள்ள ஷேடோ கோப்பைப் படிக்க முடியாது, பேக்அப்பைத் தொட முடியாது, லாக்கை அழிக்க முடியாது. அப்பாச்சிக்கும், எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' யூசருக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள மூன்றும் அந்தச் சுவரில் சாத்தி வைத்த ஏணிகள்.

7.8 என்ற மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஓட்டை 9.8 வாங்குவது அரிது. உள்ளே ஒரு கால் வைத்த பிறகுதான் பயன்படும் என்பதால் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போடுவார்கள். டர்ட்டி பைப், லூனி டியூனபிள்ஸ் என்று உலகமே பேசிய ஓட்டைகளுக்கும் இதே 7.8தான். ஒவ்வொரு ஓட்டையையும் தனியாக நிறுத்தி எடை போடுகிற முறை அது. திருட வருகிறவன் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. போட்டோ பக்கத்தில் ஒரு கால், பிறகு இதில் ஒரு கால் என்று இரண்டையும் சேர்த்துத்தான் வைப்பான். அமெரிக்காவின் சிசா அமைப்பு, நிஜத் தாக்குதல்களில் பயன்பட்டது உறுதியான ஓட்டைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் 2021-4034 அதில் 2022 ஜூனில் ஏறியது. 2024-1086 ஏறியது 2024 மே மாதத்தில். பையர் ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதும்போது அவர்கள் ஆடிட்டர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

மூன்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், முதலாளிக்கு விளக்க உதவும். 2021-4034-க்குப் பெயர் 'பவ்ன்கிட்'. குவாலிஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்து 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டார்கள். 'பிகேஎக்செக்' என்ற ஒரு சின்ன நிரலில் இருக்கிற பிழை இது. 2009-இல் அந்த நிரல் வந்த முதல் பதிப்பிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது.

உங்கள் கம்பெனி ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டன், ஜிப், லேபிள், நூல்கோன் எல்லாம் உள்ளே. தையல் லைனில் இருக்கிற ஆள் ஸ்டோருக்குள் போக முடியாது. இண்டெண்ட் எழுதி ஜன்னலில் கொடுப்பார். சாவி வைத்திருக்கிற ஸ்டோர்க்காரர் அதைப் படித்துவிட்டு உள்ளே போய் எடுத்து வருவார். லினக்ஸில் 'செட்யுஐடி' என்ற அடையாளம் போட்ட நிரல்கள் அந்த ஸ்டோர்க்காரர்கள். சூடோ ஒருவர், பிகேஎக்செக் ஒருவர். கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அவர்கள் கையில் இருப்பது ரூட்டின் சாவி.

பிகேஎக்செக் தன் கைக்கு வரும் தாளில் முதல் வரியில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த வரியில் நிரலின் பெயர் இருக்கும். ஒரு வரிகூட இல்லாத வெற்றுத் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அது பார்க்கவே இல்லை. வெற்றுத் தாள் வந்தால், அதற்கு அடியில் இருக்கிற தாளை இண்டெண்ட் என்று நினைத்துப் படிக்கும். படிப்பதோடு நிற்காமல் அதில் எழுதவும் செய்யும். நினைவகத்தில் அந்த இடத்தில் இருப்பவை சூழல் மாறிகள், அதாவது கூப்பிடுகிறவர் நிரலுக்குக் கூடவே அனுப்பும் அமைப்புகள். செட்யுஐடி நிரல் தொடங்கும்போதே ஆபத்தான சூழல் மாறிகளை சிஸ்டம் பொறுக்கி வெளியே எறிந்துவிடும். ஆனால் இங்கே, எறிந்து முடித்த பிறகு, அப்படிப்பட்ட ஒன்றை பிகேஎக்செக் தன் கையாலேயே திரும்ப எழுதி வைத்துவிடுகிறது. பிறகு ஏதோ ஒரு பிழைச் செய்தியைத் திரையில் காட்டப் போகும்போது, எழுத்துக் குறியீட்டு மாற்றத்துக்கான கோப்பு எங்கே இருக்கிறது என்று அந்த மாறியைப் பார்க்கிறது. அது காட்டுகிற இடத்தில் திருடன் வைத்த கோப்பு இருக்கிறது. அதை ரூட் அதிகாரத்தோடு ஏற்றி ஓட்டுகிறது. வேலை முடிந்தது. பாஸ்வேர்ட் வேண்டாம், பிகேஎக்செக் எதோடு சேர்ந்து வருகிறதோ அந்தப் பாலிசிகிட் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ரயன் மாலன் என்பவர் 2013-லேயே இந்த வெற்றுத் தாள் சங்கதியைக் கவனித்து எழுதியிருந்தார். அதை வைத்து ரூட் ஆகும் வழி அன்றைக்கு அவருக்குப் பிடிபடவில்லை. இதற்கு ஏறத்தாழ எட்டு வருடம் கழித்துத்தான் குவாலிஸ்காரர்கள் மீதிப் பாதையைக் கண்டார்கள். அவர்கள் வெளியிட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கும் நிரல் இணையத்துக்கு வந்துவிட்டது. அதை ஓட்டத் திறமை எதுவும் வேண்டியதில்லை.

2021-3156 சூடோவில் இருக்கும் ஓட்டை. 2011-இல் நுழைந்து 2021 ஜனவரி 26-இல் வெளிவந்தது. சூடோ அனுமதிப் பட்டியலில் பெயரே இல்லாத யூசர்கூட இதை வைத்து ரூட் ஆகலாம். இது உங்களுக்கு இருக்கிறது என்றால், நீங்கள் சர்வரைப் போட்ட சில வாரத்திலேயே வந்த அப்டேட்டைப் போடவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், வெளிவந்தது. அப்போது கோவையில் ஒரு நிறுவனத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்டேட் வந்த வாரமே யம் அப்டேட் செய்தேன். ரீபூட் செய்ய நேரம் கேட்டேன். தீபாவளி போனஸ் கணக்கு ஓடுகிறது, முடியட்டும் என்றார்கள். தீபாவளி முடிந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அக்கவுண்ட்ஸில் இருந்தவர்களுக்குத் தூக்கமே இல்லை. சர்வரைத் தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்டேட் போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் நானும் விட்டுவிட்டேன். டிஸ்க்கில் புது கெர்னல் இருந்தது, மெமரியில் ஓடிக்கொண்டிருந்தது பழையது. டிசம்பர் நடுவில் ஒரு காலை, ரூட் பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்று போன் வந்தது. மீட்பு சிடி போட்டு உள்ளே போய் பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் எப்போதும் இருக்கிற 'ரூட்' என்ற பெயரே இல்லை. அந்த இடத்தில் 'ஃபயர்ஃபார்ட்' என்று இருந்தது. பக்கத்தில் ரூட்டுக்கே உரிய அதே பூஜ்யம், அதே பூஜ்யம். இணையத்தில் கிடைக்கிற ஒரு டர்ட்டி கவ் நிரல் வைக்கிற பெயர் அது. டெம்ப் ஃபோல்டரில் பழைய பாஸ்வேர்ட் கோப்பின் நகல்கூடக் கிடந்தது. வந்தவன் ஒரு பழைய வெப்சைட் பிளக்இன் வழியாக அப்பாச்சி யூசராக வந்திருக்கிறான். அந்தச் சர்வரை முழுக்க அழித்துத் திரும்பப் போட ஐந்து நாள் ஆனது. ரீபூட்டுக்கு நான் கேட்டது இருபது நிமிடம்.

அதனால்தான் 611 நாள் அப்டைமை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்களா, கவலையாக எழுதியிருக்கிறீர்களா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இத்தனை நாளாகக் கெர்னல் மாறவில்லை என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

இன்றைக்கே, ஒரு நிமிடத்தில்: பிகேஎக்செக் கோப்பின் அனுமதியை சிஎச்மாட் கட்டளையால் 0755 என்று மாற்றுங்கள். செட்யுஐடி அடையாளம் போய்விடும், ஸ்டோர்க்காரர் கையிலிருந்து சாவி வாங்கியாகிவிடும். ஈஆர்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிராஃபிக்கல் திரை இல்லாத சர்வரில் அதை யாரும் தேடவும் மாட்டார்கள். இதோடு அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி அப்பாச்சி அமைப்பில் நிறுத்துங்கள். போட்டோ வைக்கிற இடத்தில் நிரல் ஓட வேண்டிய தேவையே கிடையாது. என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் செய்யாமல் இன்றைக்கு வீட்டுக்குப் போகாதீர்கள்.

நாளைக்கு: சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. யம் அப்டேட் அடித்தால் மிரர் பட்டியலே கிடைக்கவில்லை என்று பிழை வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு, இனி அப்டேட்டே கிடையாது என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தத் தேதி வரை வந்த எல்லா அப்டேட்டும் சென்ட்ஓஎஸ் 'வால்ட்' காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. ரெப்போ கோப்பில் மிரர்லிஸ்ட் வரியை நிறுத்திவிட்டு, பேஸ் யுஆர்எல்லை வால்ட் முகவரிக்குத் திருப்புங்கள். ஜிபிஜி கையெழுத்துச் சரிபார்ப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். பிறகு சூடோ, பாலிசிகிட் இரண்டையும் மட்டும் தனியாக அப்டேட் செய்யுங்கள். இரண்டுக்கும் ரீபூட் வேண்டாம். ஈஆர்பி இதைக் கவனிக்கக்கூட மாட்டாது.

செய்து முடித்துப் பார்த்தால் சூடோ இன்னும் 1.8.23 என்றே காட்டும். பயந்துவிடாதீர்கள். ரெட் ஹேட் வழி வந்த சிஸ்டங்களில் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். எண்ணின் வால் மட்டும்தான் மாறும். ஆர்பிஎம் கட்டளையில் சேஞ்ச்லாக் கேட்டு, அதில் அந்தச் சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பையர் ஆடிட்டர் "பழைய பதிப்பு" என்று திரும்ப எழுதினால் அந்த சேஞ்ச்லாக் வரியை அனுப்பினால் போதும். இதை மட்டும் தெரியாமல் சூடோவை மூலநிரலிலிருந்து தாங்களே கட்டிப் போட்டுச் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, 2024-1086, கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் இருப்பது. சாதாரண யூசர் அந்த இடத்தை எட்டுவதற்குப் பொதுவாக 'யூசர் நேம்ஸ்பேஸ்' என்ற வசதி தேவைப்படும். சென்ட்ஓஎஸ் 7-இல் அது இயல்பாகவே அணைந்திருக்கும். அதிகபட்ச யூசர் நேம்ஸ்பேஸ் எண்ணிக்கை பூஜ்யம். சிஸ்கன்ட்ரோலில் அந்த மதிப்பைப் பாருங்கள். கண்டெய்னர் போட்டுப் பார்க்க யாராவது ஏற்றி வைத்திருந்தால் திரும்பப் பூஜ்யம் ஆக்குங்கள். இது மூச்சு வாங்க நேரம் கொடுக்கும். கெர்னலை மாற்றுவதற்கு ரீபூட் கட்டாயம்.

அந்த ரீபூட்டை எப்போது செய்வது? நம் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு நாள் துணை மின்நிலையப் பராமரிப்பு என்று காலை 9-லிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துவார்கள். பேப்பரில் முன்கூட்டியே ஏரியா பெயரோடு வந்துவிடும். அந்த நாளில் லைன் ஜெனரேட்டரில் ஓடும், ஆபீஸில் எல்லாரும் எப்படியும் வேலையைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். முதலாளியிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள். "ஒரு நாள் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் கிடைக்காது. "அன்னைக்குக் கரண்ட் இல்லீங்க, மதியம் ரெண்டு மணி நேரம் சர்வரைக் கொடுத்துடுங்க" என்றால் கிடைக்கும். ஜெனரேட்டர் மாறும் நேரத்தை மட்டும் தவிர்த்து, யுபிஎஸ் பேட்டரியை முன்தினமே சோதித்துவிடுங்கள்.

611 நாள் நிற்காத மெஷினை ரீபூட் செய்யும்போது ஒரு முறையை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன். எந்த அப்டேட்டும் போடாமல், இருக்கிற நிலையிலேயே முதலில் ஒரு முறை ரீபூட் செய்வேன். இத்தனை நாளில் யாரோ கையால் தொடங்கி வைத்த சேவை, பூட் ஆகும்போது தானாக எழும்படி அமைக்காத டேட்டாபேஸ், கையால் மவுண்ட் செய்த டிஸ்க் என்று எது எழவில்லையோ அது அப்போதே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு அப்டேட் போட்டு இரண்டாம் முறை ரீபூட். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், ஈஆர்பி எழாதபோது பழி முழுக்க அப்டேட் மேல் விழும். உண்மைக் காரணம் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் யாரோ செய்ததாக இருக்கும். அதற்கு முன்னால் ரெய்டு டிஸ்க்குகளின் நிலையைப் பாருங்கள். முழு பேக்அப் எடுத்து, அதை வேறு ஒரு மெஷினில் திறந்து ஒரு இன்வாய்ஸாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். மானிட்டரும் கீபோர்டும் சர்வரோடு இணைந்திருக்கட்டும். எழுந்ததும் யூனேம் கட்டளையில் புது கெர்னல் எண் தெரிகிறதா என்று பாருங்கள். 2016-இல் நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

ஈஆர்பி அண்ணா பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார். அவர் பயம் நியாயமானதுதான். ஏதாவது ஆனால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் சர்வரை ஒரு விர்ச்சுவல் மெஷினாக நகலெடுத்து, அதில் அப்டேட் போட்டு, அவரையே உட்கார வைத்து ஒரு பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்குள்ளேயே நடக்கிற அப்டேட்டில் பிஎச்பி, டேட்டாபேஸ் பதிப்புகள் பெரிதாகத் தாவாது. பயப்பட வேண்டிய தாவல் அடுத்தது.

அந்தத் தாவலும் தவிர்க்க முடியாதது. 2024 ஜூனுக்குப் பிறகு வெளிவந்த எந்த ஓட்டைக்கும் உங்கள் மெஷினுக்கு இலவசத் திருத்தம் கிடையாது. அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ் 9-க்குப் போனால் 2032 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பழைய மெஷின் மேலேயே ஏற்றும் கருவி இருக்கிறது. நீங்கள் தனி ஆள் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு மெஷின் போட்டு, ஈஆர்பியை அதற்கு மாற்றி, இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். இதற்குச் சீசன் முடியும் வரை காத்திருக்கலாம். முதலாளி சொன்னதில் அந்தப் பாதி சரிதான். போட்டோ பக்கத்தை மட்டும் அந்தப் புது மெஷினில் வைக்காதீர்கள். வெளியே முகம் காட்டும் எதுவும் ஈஆர்பி இருக்கும் மெஷினில் இருக்கக் கூடாது. ஒரு சின்னத் தனி மெஷின் போதும்.

புதுசில் ஓட்டையே வராதா என்று கேட்பீர்கள். வரும். டர்ட்டி பைப் 5.8-லிருந்து வந்த கெர்னல்களில்தான் இருந்தது, உங்கள் 3.10-இல் இல்லை. அதைக் கண்டுபிடித்த மேக்ஸ் கெல்லர்மேன் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவரே அல்ல. ஒரு வாடிக்கையாளர், இறக்கிய லாக் கோப்பு விரிய மாட்டேன் என்கிறது, சிஆர்சி பிழை வருகிறது என்று புகார் சொன்னார். அதைச் சரிசெய்து கொடுத்தார், மறுபடி வந்தது, மறுபடி வந்தது. கெட்டுப்போன கோப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாள் கோப்புகளாகவே இருந்தன. கடைசி எட்டு பைட் மட்டும் மாறியிருந்தது. ஜிப் கோப்பு ஒன்றின் தலைப்புத் துண்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள நிரல், கெர்னலின் பிழையால் அந்தக் கோப்பின் நினைவக நகலில் எழுதியிருக்கிறது! அவர் 2022 பிப்ரவரி 20 அன்று கெர்னல் குழுவுக்குச் சொன்னார். 23-ஆம் தேதி திருத்தத்தோடு புது கெர்னல்கள் வந்துவிட்டன. உலகத்துக்கு மார்ச் 7-இல்தான் சொன்னார். ஆயுள் உள்ள சிஸ்டத்தில் இருந்தால் இப்படி நாள் கணக்கில் மருந்து வரும். ஆயுள் முடிந்ததற்கு வராது. உங்களுக்குச் சிறுசாகத் தெரிகிற புகார்களையும் குறித்து வையுங்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஏற்கனவே யாராவது உள்ளே வந்து போயிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பார்த்தாக வேண்டும். 'செக்யூர்' லாக்கில் பிகேஎக்செக் பெயரோடு, ஷெல் மாறியின் மதிப்பு ஷெல்ஸ் கோப்பில் இல்லை என்றோ, ஏதோ ஒரு சூழல் மாறியில் சந்தேகத்துக்குரிய உள்ளடக்கம் என்றோ வரி இருந்தால் பவ்ன்கிட் முயற்சி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். தடம் விடாமலும் செய்யலாம் என்பதால் வரி இல்லை என்று நிம்மதி கொள்ள முடியாது. பாஸ்வேர்ட் கோப்பில் பூஜ்யம் எண் உள்ள யூசர் ரூட் ஒருவர்தானா, செட்யுஐடி அடையாளம் உள்ள கோப்புகளில் டெம்ப், அப்லோட் ஃபோல்டர்களில் ஏதாவது இருக்கிறதா, அப்பாச்சி யூசருக்கு கிரான் வேலை ஏதாவது ஓடுகிறதா, ரூட்டின் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் தெரியாத வரி உண்டா என்று பாருங்கள். இதையெல்லாம் அப்டேட் போடுவதற்கு முன்னால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று தட்டுப்பட்டாலும் அந்த மெஷினைச் சுத்தம் செய்து தொடர நினைக்காதீர்கள். ரூட் ஆனவன் பிஎஸ், எல்எஸ் கட்டளைகளையே மாற்றி வைத்திருக்கலாம். அந்த மெஷின் சொல்வதை நம்ப வழியில்லை. நெட்வொர்க்கைப் பிடுங்குங்கள், டிஸ்க்கை நகலெடுங்கள், புதிதாகப் போடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான 'சிஇஆர்டி-இன்' என்பதற்கு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு. சிறு, குறு நிறுவனங்களுக்கும் அந்த ஆண்டு செப்டம்பர் 25-லிருந்து அது பொருந்தும். லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-இல் லாக்ரொடேட் இயல்பாக நான்கு வாரம்தான் வைத்திருக்கும். அதை 26 வாரமாக மாற்றுங்கள், கூடவே லாக்கை வேறொரு மெஷினுக்கும் அனுப்புங்கள்.

பேக்அப் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கிறதா? இருந்தால், ரூட் ஆனவனுக்கு அதுவும் சொந்தம். வேறொரு மெஷின் வந்து பேக்அப்பை இழுத்துக்கொண்டு போகும்படி மாற்றுங்கள். சர்வருக்கு அந்த மெஷினின் பாஸ்வேர்ட் தெரிய வேண்டியதில்லை.

முதலாளியிடம் சிவிஇ எண்ணெல்லாம் பேச வேண்டாம். ஏற்றுமதிக்காரருக்குப் புரிகிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ரூட் கிடைத்தவன் கோப்பை அழிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டில் பேங்க் அக்கவுண்ட் எண்ணை மட்டும் மாற்றி வைத்தால் போதும். பையர் பணம் அனுப்புவார், அது வேறு எங்கோ போகும், சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியிருக்கும். காஸ்டிங் ஷீட் போட்டிக் கம்பெனி கையில் இருந்தால் அடுத்த ஆர்டரில் விலை பேசுவது எப்படி இருக்கும் என்பதை அவருக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம். இரண்டு மணி நேரம் கேட்பது இதற்காகத்தான் என்று சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. தனி ஆளாக இந்தப் பாரத்தைச் சுமக்கிற உங்களுக்கு அந்தத் தாள் ஒரு துணை.

பிகேஎக்செக், அப்லோட் ஃபோல்டர் இரண்டையும் இன்றைக்கு முடித்துவிடுங்கள். கரண்ட் இல்லாத அந்த நாளில் ரீபூட் ஆனதும் யூனேம் காட்டுகிற எண்ணையும், எழாமல் நின்ற சேவை ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.